வலது பக்க ஐசி மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

கேள்வி: அப்பா பல வருடங்களுக்கு முன்பு கடையில் சொல்லிச் செய்து வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் எங்கள் வீட்டில் இருக்கிறது. உள்ளே 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்துக்கு ஒரு டிடிஏ 2030 ஐசி (சத்தத்தைப் பெருக்கும் சிப்). இடது பக்கம் நன்றாகப் பாடுகிறது. வலது பக்கம் உறுமல் மட்டும்தான். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் உறுமல் போகவில்லை. மெக்கானிக் ஐசி மாற்றித் தந்தார், ஒரு வாரம் பாடியது. மறுபடி மாற்றினார், மறுபடி அதே கதை. வலது பக்கத்திலிருந்து சமையலறைக்கும் ஒரு ஸ்பீக்கர் இழுத்திருக்கிறோம். இரண்டும் 4 ஓம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை. நானே கற்றுக்கொண்டு இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. ஒரு பக்கம் கெட்டுக் கிடக்கிறது, அதே சர்க்யூட் இன்னொரு பக்கம் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வலது பக்க ஸ்பீக்கர் வயர்களை இப்போதே கழற்றிவிடுங்கள்.

காரணம் இதுதான். ஐசி உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால், அதன் அவுட்புட் கால் பிளஸ் சப்ளையோடோ மைனஸ் சப்ளையோடோ ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கருக்குப் பாட்டு போகாது, பத்துப் பதினைந்து வோல்ட் டிசி (திசை மாறாத மின்சாரம்) நேராகப் போகும். அந்த டிசியின் மேல் சப்ளையின் 100 ஹெர்ட்ஸ் அலையும் சவாரி செய்யும். நீங்கள் கேட்கும் உறுமல் அதுவாகத்தான் இருக்கும். ஸ்விட்ச் போட்டவுடன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே தள்ளியோ உள்ளே இழுத்தோ அப்படியே நின்றால் சந்தேகமே வேண்டாம். சில நிமிடம் விட்டால் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கருகிவிடும்.

உறுமல் என்றதும், சப்ளையின் அலையைச் சமன் செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்று என்று யாராவது சொல்வார்கள். இங்கே அது பொருந்தாது. அந்தக் கெப்பாசிட்டர்கள் இரண்டு பக்கத்துக்கும் பொது. அவை வற்றிப்போயிருந்தால் இடது பக்கமும் உறும வேண்டும். இடது பக்கம் சுத்தமாகப் பாடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே கணக்கில் டிரான்ஸ்ஃபார்மரும் டயோடுகளும் தப்பித்துவிடுகின்றன. வலது பக்கத்துக்கு மட்டும் சொந்தமானது எதுவோ, அதில்தான் குறை இருக்கிறது. பழுது பார்ப்பதில் முக்கால்வாசி இந்த மாதிரி யோசனைதான். சால்டரிங் அயர்ன் கடைசியில்தான் வரும்.

வலது பக்கத்துக்கு மட்டும் சொந்தமான ஒன்றை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: சமையலறை ஸ்பீக்கர். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலாக, அதாவது இரண்டையும் ஒரே ஜோடி முனைகளில், கொடுத்தால் ஐசிக்குத் தெரிவது 2 ஓம். டிடிஏ 2030 குறைந்தது 4 ஓம் லோடுக்கு, அதாவது அது ஓட்ட வேண்டிய ஸ்பீக்கருக்கு, செய்யப்பட்டது. ஓம் பாதியானால் அதே வால்யூமில் இரண்டு மடங்கு கரண்ட். அசல் ஐசிக்குள் ஷார்ட் பாதுகாப்பும் சூட்டுப் பாதுகாப்பும் இருப்பதால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். கடைகளில் புழங்கும் போலிகளில் அதை எதிர்பார்க்க முடியாது. ஐசி உடனே போகாமல் ஒரு வாரம் பாடிவிட்டுப் போவதும் இதோடு ஒத்துப்போகிறது. ஐசியை மட்டும் மாற்றி, லோடை அப்படியே விட்டதால்தான் இரண்டு முறையும் காசு வீணானது. மூன்றாவது ஐசி வாங்குவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்வோம்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்ப், முதலை வாய் கிளிப் வைத்த வயர் இரண்டு. சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாமே ஒரே நடையில் கிடைக்கும். அப்புறம் ஒரு சீரிஸ் போர்டு. இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

சீரிஸ் போர்டு என்பது ஒரு 60 வாட் குண்டு பல்பும் ஒரு பிளக் பாயின்ட்டும்தான். ஃபேஸ் வயர் பல்பு வழியாகப் போய்த்தான் ஆம்ப்ளிஃபயருக்கு வர வேண்டும். எல்இடி பல்பு ஆகாது, பழைய இழை பல்புதான் வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். கரண்ட் கால் ஆம்பியரைத் தாண்டாது, எதுவும் புகையாது. எல்லாம் சரியாக இருந்தால் ஸ்விட்ச் போட்டதும் ஒரு கணம் பளிச்சிட்டு, கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆனதும் மங்கிவிடும். வயரிங் செய்து பழக்கம் இல்லையென்றால் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கட்டித் தரச் சொல்லுங்கள். எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் இது தெரியும்.

மூடியைத் திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் செய்த பெட்டிகளில் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் வால்யூமோடு சேர்ந்தே இருக்கலாம். அப்படியானால் முன்பக்க வால்யூமுக்குப் பின்னாலேயே 230 வோல்ட் நிற்கிறது. அந்தக் கால்களையும், ஃபியூஸையும், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி ஜாயின்ட்டுகளையும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டேப் சுற்றி மூடுங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் எடுத்து எறிந்துவிட்டு 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அது போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருப்பது 17 வோல்ட் அளவு சப்ளைதான். அது ஆளை அடிக்காது, ஆனால் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் ஐசியைக் கொன்றுவிடும். கெப்பாசிட்டர்களை 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு காலிலும் சில வினாடி வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

இப்போது கரண்ட் இல்லாமலேயே பார்க்கலாம். டிடிஏ 2030-க்கு ஐந்து கால்கள். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து எண்ணுங்கள். 1 இன்புட், 2 ஃபீட்பேக், 3 மைனஸ் சப்ளை, 4 அவுட்புட், 5 பிளஸ் சப்ளை. மீட்டரை பீப் ஒலிக்கும் இடத்தில் வைத்து 4-க்கும் 5-க்கும் நடுவே, 4-க்கும் 3-க்கும் நடுவே தொட்டுப் பாருங்கள். முதலில் இடது பக்க ஐசியில் செய்யுங்கள். அங்கே பீப் வராது. வலது பக்கத்தில் வந்தால் ஐசியோ, அவுட்புட்டிலிருந்து சப்ளைகளுக்குப் போட்டிருக்கும் 1என் 4001 டயோடுகளில் ஒன்றோ ஷார்ட். டயோடின் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றாதீர்கள், எது போனது என்பது தெரியாமலே போய்விடும்.

அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையாகப் போயிருக்கும். அந்த 1 ஓம் ரெசிஸ்டரை நன்றாகப் பாருங்கள். உடம்பு கறுத்து, வண்ணக் கோடுகள் பழுப்பேறியிருந்தால் ஐசி காதுக்குக் கேட்காத அதிவேகத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். அப்படி அதிர்ந்தால் பாட்டே போடாமல் ஐசி கொதிக்கும். ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். அதோடு 4-வது காலிலிருந்து 2-வது காலுக்குப் போகும் 22 கே ஃபீட்பேக் ரெசிஸ்டரை ஒரு கால் தூக்கி அளந்துவிடுங்கள். அது ஓபன் ஆகியிருந்தால், அதாவது உள்ளே அறுந்திருந்தால், புது ஐசி போட்டாலும் அவுட்புட் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பீக்கர்களையும் தனித்தனியாக அளங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை ஓம் அளவு காட்டும். ஒன்றரை ஓம் காட்டினால் காயில் சுற்றுகள் உருகி ஒட்டியிருக்கின்றன. சமையலறைக்குப் போகும் வயரை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டுப் பாருங்கள், பீப் வரவே கூடாது. சுவரோடு ஆணி கிளிப் அடித்து இழுத்த வயரில் ஒரு ஆணி இரண்டு கம்பியையும் தொட்டிருக்கலாம். அலமாரி நகர்த்தும்போது நசுங்கியிருக்கலாம்.

ஐசி வாங்கும்போது இடது பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய ஐசியை அளவுகோலாக வையுங்கள். உலோகத் தகட்டின் தடிமன், எழுத்தின் அச்சு, கால்களின் வேலைப்பாடு எல்லாம் ஒப்பிட்டுப் பாருங்கள். பளபளவென்று, எடை குறைவாக, தகடு மெலிந்து இருந்தால் விலை பார்த்து மயங்க வேண்டாம்.

சால்டரிங் பழகாத கையோடு நேராக இந்த போர்டில் இறங்காதீர்கள். கெட்டுப்போன சார்ஜர், ரேடியோ போர்டு எதையாவது எடுத்து, பத்து இருபது பாகங்களைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். அயர்ன் முனை காலையும் செம்பையும் சேர்த்துத் தொட வேண்டும். ஈயத்தை அயர்னில் வைக்காமல் காலில் வையுங்கள். நல்ல ஜாயின்ட் பளபளப்பாக, காலைச் சுற்றிச் சரிந்து இறங்கியிருக்கும். டிரை சால்டர் ஆனது, அதாவது சரியாக ஒட்டாத ஜாயின்ட், மங்கலாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டக் கீறல் தெரியும். சூடாகும் ஐசி கால்களிலும், ஆட்டம் காணும் வால்யூம், ஜாக் கால்களிலும்தான் இது அதிகம். பழைய பெட்டி என்பதால் இரண்டு பக்கத்திலும் அவற்றுக்குப் புது ஈயம் வைத்துவிடுங்கள்.

ஐசியை மாட்டும்போது மைக்கா, அதாவது சூட்டைக் கடத்தி கரண்டைத் தடுக்கும் மெல்லிய தாள், கட்டாயம். இந்த ஐசியின் உலோகத் தகடு உள்ளேயே மூன்றாவது காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. அது, சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட் சிங்கை நேராகத் தொட்டு, ஹீட் சிங்க் பெட்டியின் உடம்பைத் தொட்டால் மைனஸ் சப்ளை முழுக்க கிரவுண்டுக்கு ஷார்ட். மைக்கா தாளின் இரண்டு பக்கமும் ஹீட் சிங்க் கம்பவுண்டை மெல்லிசாகத் தடவி, ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் போட்டு முடுக்குங்கள். முடுக்கியதும் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் வந்தால் கழற்றிவிட்டு மறுபடி.

கடைசிக் கட்டம். ஸ்பீக்கர் மாட்டாமல், சீரிஸ் போர்டு வழியாக ஸ்விட்ச் போடுங்கள். பல்பு மங்கினால் மீட்டரின் கறுப்பு முனையை டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயர் சேரும் கிரவுண்டில் முதலை வாய் கிளிப்பால் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடித்து அளங்கள். ஐந்தாவது காலில் பிளஸ் 16, 17 வோல்ட், மூன்றாவதில் அதே அளவு மைனஸ். சீரிஸ் பல்பு இருப்பதால் கொஞ்சம் குறையலாம். நான்காவது காலில் கிட்டத்தட்ட பூஜ்யம். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் திருப்தி. இடது பக்கத்திலும் அளந்து பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது காலில் வோல்ட் கணக்கில் காட்டினால் எந்த ஸ்பீக்கரையும் மாட்டாதீர்கள். 1, 2 கால்களின் அளவை இடது பக்கத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பாகத்தில் வித்தியாசம் தொடங்குகிறது என்று பிடிபடும்.

எல்லாம் சரி என்றால் பல்பைத் தவிர்த்து நேராகக் கொடுத்து, மறுபடி ஒரு முறை நான்காவது காலை அளந்துவிட்டு, போனால் போகட்டும் என்கிற மாதிரி ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டிக் குறைந்த வால்யூமில் அரை மணி நேரம் பாட விடுங்கள். இரண்டு ஹீட் சிங்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அதன் பிறகு வலது பக்க இரண்டு ஸ்பீக்கர்களையும் சீரிஸாக இணையுங்கள். ஆம்ப்ளிஃபயர் பிளஸ்ஸிலிருந்து ஹால் ஸ்பீக்கரின் பிளஸ், அதன் மைனஸிலிருந்து சமையலறை ஸ்பீக்கரின் பிளஸ், அதன் மைனஸ் திரும்ப ஆம்ப்ளிஃபயருக்கு. மொத்தம் 8 ஓம். சத்தம் கொஞ்சம் குறையும், இடது பக்கத்தோடு சமன் செய்ய பேலன்ஸைச் சற்றே திருப்ப வேண்டியிருக்கும். சத்தம் குறைவது பிடிக்கவில்லை என்றால் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் வாங்கிப் பேரலலாகக் கொடுங்கள், 4 ஓம் வரும்.