சம்பளச் சிட்டை அடிப்பதும் மனிதவள வேலைதான்

கேள்வி: எனக்கு வயது 27, ஊர் களுவாஞ்சிகுடி. கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நாலு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இருபது பேருக்கு வரவு போடுவது, சம்பளச் சிட்டை அடிப்பது, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) படிவம் நிரப்புவது எல்லாம் நான்தான். சனி, ஞாயிறில் மனிதவள முகாமைத்துவம் படிக்கிறேன். விண்ணப்பித்த இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள். வேலையை விட்டுக் கொழும்பில் சம்பளமில்லாத பயிற்சிக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம் மகள். கொழும்புக்கு உதயதேவி ரயிலில் ஏறுவது லேசு. மூன்றாம் மாதம் போர்டிங் காசுக்கு வீட்டுக்குக் கோல் எடுக்கும்போதுதான் தெரியும். அப்போது முதலில் நின்றுபோவது படிப்பு.

அனுபவம் இல்லை என்கிறீர்கள், இருபது பேரின் சம்பளம் உங்கள் கையால் போகிறது! மனிதவளம் என்றால் ஏசி அறையில் நேர்முகம் நடத்துவது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நான் ஓர் அரிசி ஆலையில் இருந்தபோது, மூட்டை தூக்கிய அண்ணர் ஒருவர் 55 வயதில் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தார். அடையாள அட்டையில் அவர் பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, எங்கள் படிவத்தில் இன்னொரு மாதிரி. ஓர் ‘எச்’ கூடிப்போயிருந்தது. அதற்காக மனுஷன் தொழில் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தார். அந்த ‘எச்’சைப் போட்டது நான்தான்.

அதனால் வரும் மாதச் சம்பளத்தைப் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். 40,000 ரூபா சம்பளம் என்றால் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், 3,200 கழியும். முதலாளி 12 வீதம், 4,800 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம், 1,200, அதுவும் முதலாளியின் காசுதான், ஊழியரிடம் கழிக்கக்கூடாது. ஓவர்டைமுக்கு ஈ.பி.எஃப். இல்லை. இன்னொன்று: 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் விலகினால், வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. இதே சம்பளத்தில் பத்து வருடம் நின்றவருக்கு 2 இலட்சம். உங்கள் கடைக்கு இது பொருந்தும். முதலாளிக்குத் தெரியுமோ என்னவோ.

சுயவிபரக் கோவையில் ‘கணக்கெழுதுநர்’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு, இருபது பேரின் சம்பளம், லீவு, சேமலாப நிதி பார்த்தேன் என்று எழுதுங்கள். ஆங்கிலம் பிடிபடவில்லை என்றால், படித்த பாடத்தை நாளுக்கு ஒரு பக்கம் சொந்த ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பிழைத்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம், எல்லோருக்கும் நியமனக் கடிதம் தயாரித்துத் தருகிறேன் என்று முதலாளியிடம் கேளுங்கள். அனேகமான கடைகளில் அது இருக்காது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை பூட்டும் அவசரத்தில் மட்டும் கேட்காதீர்கள். வேறொரு நாள், பின்னேரத் தேத்தண்ணி வந்த பிறகு கேளுங்கள்.