முடி உதிர்வுக்குப் புதிய மருந்து வரப்போகிறது என்கிறார்களே, அதுவரை காத்திருக்கலாமா?

உங்களுக்கு 26, 27 வயது இருக்கும். நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறத் தொடங்கியிருக்கும். 'வழுக்கைக்கு முடிவு' என்று எங்கோ ஒரு செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். சரிதானே? இதே கேள்வியோடு என் கடைக்கு வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள்.

கும்பகோணம் பக்கம் 19 வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, டி.பார்ம் படித்தவன். என் தலை முழு வழுக்கை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கடை நிறைய மருந்து வச்சிருக்கீங்க, உங்க தலைக்கே வேலை செய்யலையே அண்ணே" என்று கேட்காத ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பேசாமல் போக முடியவில்லை.

மருந்து வேலை செய்தது. நிறுத்தியது நான்.

29 வயதில் உச்சியில் தோல் தெரிய ஆரம்பித்தது. தோல் டாக்டர் மினாக்ஸிடில் என்ற தலையில் தடவும் மருந்தை எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் தலையணை முழுக்க முடி. கடைக்கு வரும் மருந்து கம்பெனி ரெப் ஒருவர், ஓய்வில் இருக்கும் பழைய முடி முதலில் விழும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தப்பித்தேன். பெரும்பாலானவர்கள் அங்கேதான் பாட்டிலைத் தூக்கி எறிகிறார்கள். ஐந்தாவது மாதம் முடிவெட்டுபவரே, "ஊசி ஊசியா முளைக்குது சார்" என்றார். அன்று அவருக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். மூன்றரை வருடம் விடாமல் போட்டேன். அப்புறம் கல்யாணம், குழந்தை, தூக்கமில்லாத இரவுகள். 'இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விட்டுவிட்டேன். ஆறே மாதம். தவணை கட்டாத வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அப்படிப் போயிற்று. நாலு வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்துப் பார்த்தேன், பூனைமுடிதான் வந்தது. வேர்க்கால் முழுக்கச் சுருங்கிப் போனபின் எந்தப் பாட்டிலும் அதை எழுப்புவதில்லை.

இப்போது உங்கள் 'புதிய மருந்து'. 2022 ஜூனில் பாரிசிடினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபோதும் என் கடையில் கூட்டம் வந்தது. அது புழுவெட்டுக்கான மருந்து, அதுவும் கடுமையான புழுவெட்டுக்கு. அங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. உங்களுக்கும் எனக்கும் இருப்பது பரம்பரையாக வந்த, ஹார்மோன் சம்பந்தப்பட்ட வழுக்கை. இரண்டும் வேறு. செய்தி போடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். முடி வேர்ச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி நடும் முயற்சியும் பல வருடமாக நடக்கிறது. தட்டில் வைத்து வளர்த்தால் அந்தச் செல்கள் முடி முளைக்க வைக்கும் குணத்தையே இழந்துவிடுகின்றன, அங்கேதான் சிக்கல்.

இன்னொரு வேடிக்கை, இந்தத் துறையில் கிடைத்ததெல்லாம் வேறு எதையோ தேடப் போய்க் கிடைத்தது. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கன்னம், நெற்றி என்று கண்ட இடத்தில் முடி முளைத்தது. அதைத் தலைக்குத் தடவும் மருந்தாக்கி 1988ல் ஒப்புதல் வாங்கினார்கள். வழுக்கைக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பினாஸ்டிரைடு மாத்திரையின் கதை அதைவிடச் சுவை. டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்தில் சில குழந்தைகள் பார்க்கப் பெண்போலப் பிறந்து, பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, முடி வேரைச் சுருக்கும் டிஎச்டி என்ற ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு என்று 1974ல் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு எழுதியது. அவர்கள் பெரியவர்களான பிறகும் புராஸ்டேட் சுரப்பி வீங்கவில்லை, தலையும் சொட்டை விழவில்லை. மெர்க் நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டு அந்த நொதியை அடக்கும் மாத்திரையைக் கொண்டுவந்தது. 1992ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு, 1997ல் வழுக்கைக்கு ஒப்புதல். பாரிசிடினிப்கூட முதலில் முடக்குவாத மருந்துதான்.

'வியாபாரி, விற்பதற்காக எழுதுகிறான்' என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள், தெரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் பினாஸ்டிரைடு நான் கொடுப்பதில்லை. சிலருக்கு ஆண்மை சம்பந்தமான பக்கவிளைவு வரலாம், டாக்டரிடம் வெட்கப்படாமல் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பினாஸ்டிரைடு 5 எம்ஜி மாத்திரையை நாலாக உடைத்துத் தின்கிற கெட்டிக்காரர்களுக்கு ஒன்று: வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த உடைத்த துண்டை அவர் தொடக்கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் பாதிக்கும். டெங்குவோ டைபாய்டோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டினால் அது வேறு கணக்கு, பெரும்பாலும் தானாகவே திரும்பும். அவர்களுக்கு நான் எதுவும் விற்பதில்லை.

விற்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன மாதம் ஒரு தம்பி அரை மணி நேரம் நின்று மினாக்ஸிடில் எந்த சதவீதம், எத்தனை வேளை, எண்ணெய்க்கு முன்னாலா பின்னாலா என்று எல்லாம் கேட்டான். எல்லாம் சொன்னேன். என் கண் முன்னாலேயே போனை எடுத்து ஆன்லைனில் ஆர்டர் போட்டான், 22 சதவீதத் தள்ளுபடியாம். ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்தத் தள்ளுபடிக்காரனா ஷட்டரைத் திறப்பான்? வாடகை, கரண்ட் பில், பிரிட்ஜ், இரண்டு பையன்களின் சம்பளம், எல்லாம் என் தலையில். அந்தத் தலையில்தான் முடி இல்லை என்று கேலி வேறு.

கேள்விக்கு வருகிறேன். காத்திருக்காதீர்கள். இந்த மாதமே தோல் டாக்டரைப் பாருங்கள். மினாக்ஸிடில் எழுதினால் ஒரு வேளைக்கு ஒரு மில்லி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். நாலு மாதம் ஆவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். டிராப்பரைத் தொலைத்துவிட்டுக் கடையில் வந்து தனியாகக் கேட்காதீர்கள், தனியாக வருவதில்லை.