நான்குவழிச் சாலை ஓரத்தில் 6 சென்ட்: வாங்கலாமா?

வணக்கம் நண்பரே. கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுக்குறிப் பக்கம் புதிய நான்குவழிச் சாலையை ஒட்டி 6 சென்ட் பார்த்திருப்பதாகவும், முன்னால் கடை, பின்னால் வீடு கட்டலாம் என்று புரோக்கர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை எல்லாமே பழைய திருவனந்தபுரம் சாலையை ஒட்டி வளர்ந்த ஊர்கள். எங்கேயும் வண்டியை நிறுத்திக் கடைக்குள் நுழையலாம்; அதனால்தான் சாலை முகப்புக்கு அங்கே அவ்வளவு விலை. நெரிசல் வந்ததும் அதனால்தான், மார்த்தாண்டத்தில் மேம்பாலமே கட்ட வேண்டியதாயிற்று. புதிய நான்குவழிச் சாலை வேறு மாதிரி. ஊருக்குள் நுழையாமல் வேகமாகக் கடந்து போவதற்காகப் போடுவது. சர்வீஸ் ரோடு, அதாவது ஓரமாகக் கூடவே போகும் பக்கச் சாலை, இல்லையென்றால், சாலை கண்ணெதிரே இருந்தும் நீங்கள் சுற்றிப் போய்த்தான் ஏற வேண்டியிருக்கும். அப்புறம் கடைக்கு யார் வருவார்கள்?

இப்படிப்பட்ட சாலைகளில் வளர்ச்சி சந்திப்புகளில்தான் குவியும். சென்னை வெளிவட்டச் சாலை சுமார் 62 கி.மீ. நீளம். ஆனால் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தது, அந்த வெளிவட்டச் சாலை ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) சேரும் வண்டலூருக்குப் பக்கத்தில். அதனால் உங்கள் மனையிலிருந்து ஏறும் இடம் எவ்வளவு தூரம் என்று முதலில் நடந்தே பாருங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் கவலை தருவது: தண்ணீர். நம் ஊரில் குளமும் வயலும் அடுத்தடுத்து இருப்பவை. மண்மேடு போட்டுச் சாலை உயரும்போது ஓடை அடைபட்டால், பக்கத்து மனையில்தான் தண்ணீர் நிற்கும். அ-பதிவேட்டில் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) உங்கள் மனை நஞ்சையா, அதாவது நீர் பாய்ந்த வயல் நிலமா என்று பாருங்கள், புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடம்) வாய்க்கால் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஐப்பசி மழையில் ஒருமுறை போய் நின்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.