வைட்டமின் சி தெளித்தால் கீரையின் காட்மியம் நீங்குமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர், பழைய ஈய லம்ப (வெள்ளீயச் சுரங்க) மணல் கலந்த நிலத்தில் தண்டுக்கீரை பயிரிடுகிறார். மண் பரிசோதனையில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் மிகுந்திருப்பது தெரிந்ததாம், இலைகளும் வெளிறிவிட்டன. வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்துத் தெளிக்கலாமா என்று கேட்கிறார்.

தெளித்தால் செடி ஓரளவு தேறக்கூடும். ஆனால் கீரையிலுள்ள காட்மியம் அதனால் நீங்கிவிடாது. செல்லுக்குள் புகும் காட்மியம் நொதிகளின் கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு ஒளிச்சேர்க்கையைக் குலைப்பதால், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை பெருகிச் செல் சவ்வுகளை அரிக்கின்றன. இவற்றைத் தணிக்கச் செடி தன்னிடமுள்ள அஸ்கார்பிக் அமிலத்தையும், அதாவது நீங்கள் சொல்லும் வைட்டமின் சியையும், குளுட்டாதையோன் என்னும் காப்புச் சேர்மத்தையும் செலவிடுகிறது. குளுட்டாதையோனுக்கோ இன்னொரு வேலையும் உண்டு: அதைக் கொண்டே செடி பைட்டோகெலேட்டின் என்னும் சேர்மத்தை உண்டாக்கி, காட்மியத்தை அதனோடு பிணைத்து, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்னும் சேமிப்புப் பைக்குள் அடைத்து வைக்கிறது. அப்படி அடைத்து வைக்கும் இடங்களுள் நாம் சமைக்கும் இலையும் ஒன்று என்பதுதான் சிக்கல். தெளிப்பால் இலை பசுமையாகிவிட்டால் ஐயமே எழாமல் பறித்துவிடுவோம் என்பது என் கவலை.

ஆய்வுகளில் அஸ்கார்பிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் வளர்ச்சியைக் காத்தது உண்மையே. ஆனால் அளவும் பயிரும் மாறினால் விளைவும் மாறுகிறது. நீரில் நுரைத்துக் கரையும் மருந்துக்கடை மாத்திரையில் சோடியம் உப்பும் சேர்ந்திருக்கும், ஆகையால் அது வேண்டாம். வெளிறலுக்கும் காட்மியமே காரணம் என்று துணிய முடியாது. லம்ப மணலில் தழைச்சத்து தங்குவதில்லை, அது குறைந்தாலும் இலை வெளிறும்.

முதலில் மண்ணின் அமிலத்தன்மையைப் பாருங்கள். பி.எச். அளவு 6.5 வரை உயரும்படி சுண்ணாம்பு இட்டு, மட்கிய எருவைத் தாராளமாகச் சேர்த்தால் வேர் உறிஞ்சும் காட்மியம் குறையும். பாறை பாஸ்பேட் உரத்திலும் காட்மியம் இருக்கலாம், கவனம். சுண்ணாம்பு இடுமுன் இன்னொன்று: வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனிக் என்னும் நஞ்சும் கலந்து வருவதுண்டு. சுண்ணாம்பு சில மண்ணில் ஆர்சனிக்கை இளகச் செய்யும் என்பதால், அதையும் சோதித்த பின்னரே சுண்ணாம்பு இடுங்கள். அந்தப் பாத்தியில் கீரைக்குப் பதிலாகப் பயற்றங்காய் போடலாம்; இலையைவிடக் காயில் காட்மியம் பொதுவாகக் குறைவாகவே சேரும்.

இப்போதுள்ள கீரையைக் கழுவினாலும் வேகவைத்தாலும் பயனில்லை. கழுவினால் மேலே ஒட்டிய மண் மட்டுமே போகும். இலையையே ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். இலைக்காய்கறிக்குக் கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு வகுத்த காட்மிய உச்சவரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதைத் தாண்டியிருந்தால் செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் போடாமல் குப்பையோடு அகற்றிவிடுங்கள்.