வட்டிக் கடனில் வாங்கிய வீடு: விற்றால்தான் தவ்பா ஆகுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஏழு ஆண்டுகளுக்கு முன் வங்கியில் 20 ஆண்டுத் தவணையில் வட்டிக்குக் கடன் எடுத்து வீடு வாங்கினேன். அப்போது இதன் கடுமை எனக்கு உறைக்கவில்லை. இப்போது அந்த வீட்டில் தொழுவதற்கே மனம் கூசுகிறது. வீட்டை விற்றால்தான் என் தவ்பா (பாவத்திலிருந்து மீண்டு இறைவனிடம் மன்னிப்புக் கேட்பது) ஏற்கப்படுமா? தவணை கட்டுவதை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா? என் நண்பர் ஒருவர் தன் வங்கிக் கடனுக்கு என்னிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?"

வீட்டை விற்க வேண்டியதில்லை. அதில் தாராளமாகத் தொழலாம், குடும்பத்தோடு வாழலாம். தவணையை நிறுத்தக் கூடாது. கையெழுத்துப் போடாதீர்கள். இந்த ஒவ்வொரு பதிலுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் உங்கள் மனக்கூச்சத்தைப் பற்றி. அது வீண் பயம் என்று சொல்லி உங்களை ஆறுதல்படுத்த மாட்டேன். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்கும் இருவர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்து, 'பாவத்தில் இவர்கள் அனைவரும் சமமே' என்று சொன்னதாக நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. 'நான் வட்டி வாங்கவில்லை, கட்டத்தானே செய்கிறேன்' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. வங்கி வட்டி வேறு, குர்ஆன் தடுத்த வட்டி வேறு என்ற வாதமும் நிற்காது. கடனுக்கு ஈடாக முன்பேசி வாங்கப்படும் எந்தக் கூடுதலும் வட்டியே என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி 1985இல் தீர்மானித்தது.

ஆனால் பாவம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் செய்தவை இரண்டு ஒப்பந்தங்கள். ஒன்று வங்கியோடு செய்த கடன் ஒப்பந்தம். வட்டி நிபந்தனை அதில்தான் இருக்கிறது. மற்றொன்று வீட்டுக்காரரிடம் விலை கொடுத்து வீட்டை வாங்கியது. அது முறையான விற்பனை. கடனாக வந்த பணம் திருடிய பணமும் அல்ல, ஏமாற்றிப் பறித்த பணமும் அல்ல. நீங்கள் திருப்பிக் கொடுக்கப் பொறுப்பேற்றுக்கொண்ட பணம். ஆகவே வீடு உங்களுடையது. அதில் தங்குவது ஹலால். இக்கால அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்வதும் இதுவே. உண்பதும் உடுப்பதும் ஹராமாக இருக்கும் மனிதனின் துஆ (பிரார்த்தனை) எப்படி ஏற்கப்படும் என்று கேட்கும் ஹதீஸை நினைத்துத்தான் பலர் உங்களைப் போலக் கலங்குகிறார்கள். வட்டியை உண்டு வாழ்பவருக்கு அது பொருந்தும். நீங்கள் வட்டியை உண்ணவில்லை; உங்கள் உழைப்பிலிருந்து வட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தவறுதான், ஆனால் வேறு தவறு.

தவணையை நிறுத்தச் சொன்னவர் மார்க்கத்தின் பாதியை மட்டும் படித்திருக்கிறார். குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 279ஆம் வசனம், தவ்பா செய்தால் மூலதனம் உங்களுக்கு உண்டு, நீங்களும் அநீதி செய்யாதீர்கள், உங்களுக்கும் அநீதி செய்யப்படாது என்று வட்டிக்குக் கொடுத்தவர்களிடம் சொல்கிறது. தம் இறுதி ஹஜ் பேருரையில் நபியவர்கள் தம் பெரிய தந்தையின் மகனுக்கோ தூரத்து உறவினருக்கோ வரவேண்டிய வட்டியை அல்ல, சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியதைத்தான் முதலில் ரத்து செய்தார்கள். அங்கே ரத்தானது வட்டி, அசல் அல்ல. கடனாளியாக இறந்த ஒருவருக்கு ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) தொழுவிக்க நபியவர்கள் முன்வராமல், நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்த செய்தியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அசலைக் கொடுத்தே தீர வேண்டும். வட்டியை மட்டும் சட்டப்படி தவிர்க்க வழியிருந்தால் தவிர்த்துவிடுங்கள். வழியில்லை, கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும் என்ற நிலையில், மனத்தால் வெறுத்தபடி கட்டுவது நிர்ப்பந்தம். உண்மையாகத் தவ்பா செய்தவர்மீது அதற்காகக் குற்றம் இல்லை என்றே நம்புகிறோம்.

இனி தவ்பா. செய்ததற்கு வருந்துவது, இனி வட்டிக் கடன் பக்கம் போவதில்லை என்று உறுதிகொள்வது, நடந்துகொண்டிருக்கும் பாவத்திலிருந்து வெளியேறுவது என்று அதற்கு மூன்று அம்சங்கள். முதல் இரண்டையும் இன்றிரவே முடித்துவிடலாம். சிக்கல் மூன்றாவதில்தான். வங்கி தரும் தவணை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பத்து இலட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 8,997. முதல் மாதத் தவணையில் 7,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 1,497 மட்டும். ஏழு ஆண்டுகளில் ஏழரை இலட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அசல் பாக்கியோ இன்னும் எட்டேகால் இலட்சம் நிற்கும். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதே கணக்கில், இப்போது ஒரு இலட்சத்தைக் கூடுதலாக அசலில் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், கடைசியில் 31க்கும் மேற்பட்ட தவணைகள் காணாமல் போகும். முன்கூட்டிக் கட்டும்போது 'தவணைத் தொகையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?' என்று வங்கியில் கேட்டால், காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கையில் சற்று மிஞ்சும் என்று தொகையைக் குறைத்துக்கொள்வது இங்கே தவ்பாவுக்கு ஒத்துவராது.

அந்த ஒரு இலட்சம் எங்கிருந்து வரும்? பயன்படாமல் கிடக்கும் மனை, இரண்டாவது வாகனம், தள்ளிப்போடக்கூடிய ஆடம்பரச் செலவு ஆகியவற்றைப் பாருங்கள். மனைவியின் நகை அவருடைய சொத்து. அவராக மனம் உவந்து தந்தாலன்றி அதன்மீது கண் வைக்காதீர்கள். உறவினரோ ஜமாஅத்தின் பைத்துல்மாலோ (பொது நிதியோ) வட்டியில்லாத அழகிய கடன் தர முன்வந்தால் கூச்சப்படாமல் வாங்கி, வங்கிக் கடனை முடியுங்கள். முன்கூட்டி முடிப்பதற்கு வங்கி அபராதம் கேட்டால், மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அபராதம்தான் சிறியதாக இருக்கும். வட்டி விகிதத்தைக் குறைக்கச் சொல்லி இதே வங்கியில் கேட்பதிலும் தவறில்லை. குறைந்த வட்டி என்று வேறொரு வங்கியில் புதிய வட்டிக் கடன் எடுத்து இதை அடைப்பது மட்டும் வேண்டாம். அது மற்றுமொரு வட்டி ஒப்பந்தம்.

இதுவரை கட்டிய வட்டிக்கு ஈடாக அதே தொகையைத் தர்மம் செய்ய வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கென்று தனிப் பரிகாரம் எதுவும் இல்லை. ஸதகா செய்தால் நல்லது. ஆனால் அந்தப் பணம் அசலில் கழிந்தால் வட்டியும் குறையும். சேமிப்புக் கணக்கில் விழுந்த வட்டியைக் கொண்டு இந்தக் கடனின் வட்டியைக் கட்டுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிப்பதில்லை, ஏனெனில் அதன் பயன் உங்களுக்கே திரும்புகிறது. நன்மையை எதிர்பார்க்காமல் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

குடியிருக்க வீடு வாங்க வட்டிக் கடன் கூடும் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய மன்றம் 1999இல் அப்படி ஒரு தீர்ப்பு வழங்கியது உண்மை. மாற்று வழி இல்லாதவர், வேறு வீடு இல்லாதவர், தம் குடும்பம் வசிப்பதற்காக வாங்குபவர் என்ற நிபந்தனைகளோடு வந்த தீர்ப்பு அது. அதையே ஏற்காத அறிஞர்களும் பலர். நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு ஃபத்வாவை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையல்ல.

உங்கள் நண்பரின் விஷயத்தில், மேலே சொன்ன ஹதீஸில் எழுதியவரும் சாட்சிகளும் ஏன் சேர்க்கப்பட்டார்கள் என்பதை அவரிடம் நயமாகச் சொல்லுங்கள். ஜாமீன் கையெழுத்து அந்த ஒப்பந்தத்தை நடத்திவைக்கும் கையெழுத்து. போதாக்குறைக்கு, அவர் கட்டத் தவறினால் வட்டியோடு சேர்த்து உங்களிடம் கேட்பார்கள். ஒரு கடனிலிருந்து வெளியேறப் பாடுபடும் நீங்கள் இன்னொன்றுக்குள் போய் நிற்பீர்கள். மறுத்துவிட்டு அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். எதற்காக, எவ்வளவு, எப்போதைக்குள் அவருக்குத் தேவை என்று கேளுங்கள். பல நேரங்களில் உண்மையான தேவை வங்கியில் கேட்கும் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். அதை நான்கைந்து பேராகச் சேர்ந்து வட்டியில்லாமல் கொடுக்க முடிந்தால், அல்பகரா 282ஆம் வசனம் சொல்கிறபடி தொகையையும் தவணைத் தேதியையும் எழுதி, சாட்சிகளை வைத்துக் கொடுங்கள். அந்த எழுத்தில் நீங்கள் தயங்காமல் கையெழுத்திடலாம்.