கொத்து எத்தனை பார்சல்?

கேள்வி: அம்மா வெள்ளவத்தையில் தனியே இருக்கிறார், சத்ய சாயி பாபா பக்தை. நான் கல்யாணம் கட்டித் தெஹிவளையில். 2011 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை பாபா இறந்த செய்தி வந்தபோது அம்மா அடுப்பே மூட்டாமல் படுத்துவிட்டார், நான் கடையில் கொத்து வாங்கிச் சாப்பிட்டேன். இந்த வருடம் அதே நாளில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா பாபா படம் போட்டார். அதற்குக் கீழே, பாபா மீது சொல்லப்பட்ட பாலியல் குற்றச்சாட்டுகளையும் அவருடைய அறையில் கிடைத்த தங்கக் கணக்கையும் போட்டேன். அம்மா குழுவை விட்டுப் போய்விட்டார், என்னோடு கதைப்பதுமில்லை. உண்மையைச் சொன்னது பிழையா? அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, உங்கள் கேள்வி கொஞ்சம் கிடக்கட்டும். அன்று கொத்து எத்தனை பார்சல் வாங்கினீர்கள்?

ஒன்றுதான். அம்மாவுக்கும் வாங்கியிருந்தால் அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள். அவர் மச்சம் சாப்பிடாதவர் என்றால் நாலு இடியப்பமும் சொதியும் வெள்ளவத்தையில் கிடைக்காதா? ஒரு தேத்தண்ணியாவது ஊற்றிக் கொடுத்தீர்களா? பெற்றவள் யாருக்காக அழுகிறாள், அந்த ஆள் அதற்குத் தகுதியானவரா என்று விசாரித்து முடித்த பிறகு சோறு போடுவது பிள்ளைக்கு அழகில்லை.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். மார்ச் 28 அன்று பாபாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து பக்தர்கள் ஒவ்வொரு நாளும் செய்தி பார்த்தபடி இருந்தார்கள். 96 வயது வரை இருப்பேன் என்று சொன்னவர் 84 வயதில் போய்விட்டார். நம்பாதவர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள், நம்பியவர்களுக்கோ ஆளும் போய் அவர் சொன்ன வார்த்தையும் போன இரட்டை அடி. புட்டபர்த்திக்குப் பிரதமர் மன்மோகன் சிங் வந்தார், சோனியா காந்தி வந்தார், அன்று தன் பிறந்தநாளைக் கொண்டாடாமல் விட்ட டெண்டுல்கர் வந்து அழுதார், அரச மரியாதையோடு அடக்கம் நடந்தது. உங்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வீட்டில் இருந்தது நீங்கள் ஒருவர்.

நீங்கள் போட்ட விஷயங்களை நான் மறுக்கவில்லை. 98 கிலோ தங்கம், 307 கிலோ வெள்ளி, பதினொன்றரைக் கோடி ரூபாய் காசு அந்த அறையில் இருந்ததாக எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. பழைய பக்தர்கள் சிலர் முகத்தைக் காட்டிச் சொன்ன பாலியல் குற்றச்சாட்டுகளை 2004இல் பிபிசி ஒளிபரப்பியது. அந்தக் குற்றச்சாட்டுகளுக்காக அவர் மீது வழக்கு எதுவும் வரவில்லை, ஆனால் காயப்பட்டோம் என்று சொன்னவர்களைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இலவச இதய சத்திரசிகிச்சையும் அனந்தபூர் கிராமங்களுக்குக் கொடுத்த குடிதண்ணீரும் பெரிய காரியங்கள்தான், அவற்றைக் காட்டி அந்த வாய்களை மூடியது அநியாயம் என்பதே என் எண்ணம்.

ஆனால் இதை யாரிடம் கேட்டீர்கள்? உங்கள் பக்கத்துப் பாமன்கடையில் வாழ்ந்தவர்தான் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர். ஏமாற்ற வழியில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இலேயே சவால் விட்டவர். பாபா உயிரோடு, செல்வாக்கோடு இருந்தபோதே அவரைக் கேள்வி கேட்டார். நீங்களோ அவர் இறந்து இத்தனை வருடம் கழித்து, சொந்தக்காரர் முழுப்பேரும் பார்க்க, தனியே இருக்கிற ஒரு தாயிடம் கேட்டிருக்கிறீர்கள். கோவூர் செய்தது துணிச்சல். உங்களுடையதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புரியவைக்கும் வேலையை விடுங்கள். போட்டதை அழித்துவிட்டு, அம்மாவை அவமானப்படுத்தியதற்கு அதே குழுவில், எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் காலி வீதியில் 100 பஸ் ஏறி, கையில் சாப்பாட்டோடு போங்கள். வேலை, பிள்ளைகள் என்று சாட்டுச் சொல்ல வேண்டாம், தெஹிவளைக்கும் வெள்ளவத்தைக்கும் என்ன தூரம்? அந்த ஞாயிறு நீ சாப்பிட்டாயா அம்மா என்று கேளுங்கள், அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பாபாவைப் பற்றி அவராகக் கேட்டால் நினைப்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சாப்பிட்டுவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள், அடுத்த கிழமையும் போங்கள்.