அமெரிக்காவில் மதச் சுதந்திரம் இருந்தும் பூர்வகுடிகளின் புனித நிலங்கள் ஏன் பறிபோகின்றன?

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் சிக்கலே. இப்படிப்பட்ட இடங்கள் பல இன்று கூட்டரசின் சொத்து. 1988-இல் லிங் வழக்கில், வடக்குக் கலிபோர்னியாவில் யூரோக், கரூக், டொலோவா மக்கள் வழிபடும் மலைப்பகுதியில் அரசு சாலை போடலாம், அது யாரையும் நம்பிக்கைக்கு விரோதமாக நடக்கச் சொல்லவில்லையே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (சாலை கடைசியில் வரவில்லை. தடுத்தது நாடாளுமன்றம்.)

அரிசோனாவின் ஓக் பிளாட்டைப் பாருங்கள். அப்பாச்சி பெண்பிள்ளைகள் வயதுக்கு வரும்போது சடங்கு செய்யும் இடம், ஓக் கொட்டைகள் பொறுக்கும் இடம். அடியில் செம்பு இருக்கிறது. அதற்காக அரசு இந்த நிலத்தை ஒரு சுரங்க நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடிவு செய்தது, அப்பாச்சிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். செம்பைத் தோண்டினால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலத்துக்கு, 300 மீட்டர் ஆழத்துக்கு நிலமே உள்வாங்கிவிடும். அதன்பின் சடங்கை எங்கே போய்ச் செய்வது? 1993-இல் மதச் சுதந்திரத்துக்கென்றே தனிச் சட்டம் வந்த பிறகும், 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் லிங் தீர்ப்பையே பிடித்துக்கொண்டு 6-5 என்று அப்பாச்சிகளைக் கைவிட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்கவே மறுத்தது. பழம்பெரும் பேராலயம் ஒன்றை இடிப்பதாக இருந்தால் இப்படி விட்டுவிடுவோமா என்று அந்த முடிவை ஏற்காத நீதிபதி கோர்சச் தன் மாறுபட்ட கருத்தில் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.